டர்போ டைமரில் எத்தனை நிமிஷம் வைக்கலாம்? எர்ணாவூர் ரோட்டுக்கு ஒன்றே ஜாஸ்தி

சாவி என் சட்டைப் பையில் இருக்கும். கதவு பூட்டியிருக்கும். வண்டிக்குள் ஆள் இருக்காது. ஆனால் எஞ்சின் மட்டும் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும். செகண்ட் ஹேண்டில் ஒரு டீசல் கார் வாங்கிய புதிதில், எர்ணாவூரில் எங்கள் தெருவில் தினமும் ராத்திரி நடந்த காட்சி இது. எதிர்வீட்டு ஆயா முதல் நாளே வெளியே வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாப்பா இது, வண்டி ஓடிக்கினே கீது, ஆளக் காணோம்? பேய் கீய் பூந்துக்கிச்சா?"

பேய் இல்லை, டர்போ டைமர். எனக்கு முன்னால் அந்த வண்டியை வைத்திருந்தவர் ஆசையாகப் பொருத்தியிருந்த தீப்பெட்டி அளவுக் கருவி. சாவியை எடுத்த பிறகும் நாம் வைத்த நேரம் வரை எஞ்சினை ஓடவிட்டு, அப்புறம் தானாக அணைக்கும். அவர் அதில் ஐந்து நிமிஷம் வைத்திருந்தார். "அஞ்சு நிமிஷத்துக்குக் குறைச்சா டர்போ காலி, கைய வைக்காதீங்க" என்று சொல்லித்தான் வண்டியைக் கொடுத்தார். நானும் இரண்டு மாசம் கையை வைக்கவில்லை.

ஆயா இரண்டாவது தடவை வந்தபோது கிண்டல் இல்லை. "புகையெல்லாம் ஜன்னல் வழியா உள்ள வர்து. புள்ளைக்கு ஏற்கெனவே இழுப்பு. கொஞ்சம் அணைச்சிட்டுப் போயேன்" என்றார். அவர் பேரனுக்கு வீட்டிலேயே நெபுலைசர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்குத்தான் இந்த ஐந்து நிமிஷம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க ஆரம்பித்தேன். இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: நம்ம ரோட்டில் ஓடும் சாதாரண டீசல் காருக்கு அந்த நேரம் பூஜ்யமாக இருக்கலாம். மீறிப் போனால் ஒரு நிமிஷம். ஐந்து நிமிஷம் என்பது டர்போவுக்குச் செய்யும் உபகாரமில்லை, தெருவுக்குச் செய்யும் உபத்திரவம்.

சூட்டுக் கதை உண்மைதான்

டைமர் வைத்தவர்களை முட்டாள் என்று சொல்லவரவில்லை. அவர்கள் பயத்துக்கு அடிப்படை இருக்கிறது.

டர்போ என்பது ஒரே தண்டின் இரண்டு முனைகளில் இருக்கும் இரண்டு சின்னச் சக்கரங்கள். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். மறுமுனைச் சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அமுக்கி, எஞ்சினுக்குள் தள்ளும். வீணாகப் போகும் புகையை வைத்தே கூடுதல் இழுவை வாங்கும் இந்த யோசனைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஷி 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அந்தத் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். சின்ன கார்களின் டர்போவில் இரண்டு லட்சத்தையும் தாண்டும். இந்த வேகத்தில் அதைத் தாங்கிப் பிடிப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம். எஞ்சின் ஆயில்தான் அது. பெரும்பாலான கார் டர்போக்களில் பால் பேரிங் கூடக் கிடையாது, தண்டு எண்ணெயில் மிதந்தபடியே சுற்றுகிறது.

முழு வேகத்தில் இழுத்து வந்த டீசல் வண்டியின் புகை 700, 800 டிகிரி செல்சியஸ் வரை போகும். பெட்ரோல் டர்போவில் 900-க்கும் மேல். அந்தச் சூட்டோடு வண்டியைப் பட்டென்று அணைத்தால் ஆயில் பம்ப் நின்றுவிடும். புகைப்பக்க இரும்பில் இருக்கும் சூடு மெதுவாகத் தண்டுக்குள் இறங்கும். அங்கே தேங்கி நிற்கும் கொஞ்சம் ஆயில் வெந்து கரியாகும். தோசை சுட்டு முடித்து அடுப்பை அணைத்த பிறகு, கல்லில் ஊற்றின எண்ணெய் பிசுக்காக ஒட்டிக் கறுத்துப்போகிறதே, அதே வேலைதான். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. நூறு தடவை இப்படிச் செய்தால் கரி சேர்ந்து ஆயில் போகும் வழியை அடைக்கும். அப்புறம் வாசலில் விசில் சத்தம், நீலப்புகை, மெக்கானிக் பில்.

ஐடிலில் கொஞ்ச நேரம் விட்டால் என்ன ஆகிறது? புகையின் சூடு சட்டென்று இருநூறு டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். புது ஆயில் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், இரண்டும் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். இதில் பெரும்பங்கு முதல் அரை நிமிஷம், ஒரு நிமிஷத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது. மூன்றாவது நிமிஷத்தில் செலவாகும் டீசலுக்குப் பெரிதாக வேலை இல்லை. ஐந்தாவது நிமிஷத்தில் வேலையே இல்லை.

டைமர் பழக்கம் நமக்கு வந்த வழியையும் பார்க்க வேண்டும். 1980, 90-களில் ஜப்பானின் பெட்ரோல் டர்போ கார்களை மலைப்பாதையிலும் ரேஸ் டிராக்கிலும் விரட்டியவர்களின் சாமான் அது. சூடு அதிகம், அந்தக் கால மினரல் ஆயில் சீக்கிரம் கருகும், பல டர்போக்களில் தண்ணீர்க் குளிர்ச்சியும் கிடையாது. அவர்களுக்கு அது நியாயம். அந்தப் பெட்டி ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகள் வழியாக நம்ம டீசல் காருக்கு வந்தபோது நிமிஷக் கணக்கும் அப்படியே வந்துவிட்டது. சூடு மட்டும் வரவில்லை.

கையேட்டில் என்ன போட்டிருக்கிறது?

வண்டியோடு வரும் கையேட்டை நம்மில் எத்தனை பேர் திறந்து பார்க்கிறோம்? பல டொயோட்டா டீசல் வண்டிகளின் கையேட்டில் இதற்கென்றே ஒரு சின்ன அட்டவணை உண்டு. சாதாரண நகர ஓட்டம் முடிந்து நிறுத்தினால் ஐடில் தேவையில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி வந்தால் சுமார் 20 விநாடி. 100 கிலோமீட்டர் என்றால் சுமார் ஒரு நிமிஷம். செங்குத்தான மலை ஏறியோ, தொடர்ந்து 100-க்கு மேல் விரட்டியோ வந்தால் சுமார் 2 நிமிஷம். அவ்வளவுதான். ஐந்து நிமிஷம் என்ற பேச்சே இல்லை.

இதை நம்ம ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். பாரிமுனையிலிருந்து கிளம்பி ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் தாண்டி எர்ணாவூர் வந்து சேர்வதற்குள் மூன்றாவது கியரைப் பார்ப்பதே அபூர்வம். கன்டெய்னர் லாரி ஓரமாக ஒதுங்கக் காத்திருந்து, எர்ணாவூர் மேம்பாலம் ஏறி இறங்கி, தெருவுக்குள் பைக்குகளுக்கும் தண்ணீர்க் குடங்களுக்கும் நடுவில் ஊர்ந்து வீட்டு வாசலுக்கு வரும்போது, டர்போ ஏற்கெனவே ஆறித்தான் இருக்கும். டைமர் செய்யவேண்டிய வேலையை டிராஃபிக்கே செய்து முடித்துவிட்டது.

இந்த ஊருக்கு எஞ்சின் ஒன்றும் அந்நியம் இல்லை. 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய கம்பெனி பக்கத்திலேயே இருக்கிறது. தெருவுக்கு நாலு பேராவது எஞ்சின் தெரிந்தவர்கள். அப்படி ஒரு பெரியவரிடம், ஷாப் ஃப்ளோரில் காலம் தள்ளி ரிடையர் ஆனவர், என் டைமரைக் காட்டினேன். சிரித்தார். "தம்பி, கடைசி ரெண்டு கிலோமீட்டர் மெதுவா வா. அதான் டைமர். இந்தப் பொட்டிக்குக் கொடுத்த காசுல ரெண்டு தடவை ஆயில் மாத்தியிருக்கலாம்."

அவர் சொன்னதில் இரண்டாவது பாதிதான் முக்கியம். டர்போ போவதற்கு முதல் காரணம் ஆயில்: நேரத்துக்கு மாற்றாதது, மலிவு ஆயில், அளவு குறைந்தது, அடைத்த ஃபில்டர். அடுத்தது உள்ளே புகும் தூசி. நிலக்கரியும் சிமென்ட்டும் லாரியில் போகிற ரோட்டில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரை மற்றவர்களைவிடச் சீக்கிரமே பார்க்க வேண்டும். பத்தாயிரம் கிலோமீட்டரில் மாற்றவேண்டிய ஆயிலைப் பதினெட்டாயிரம் வரை இழுத்துவிட்டு, ராத்திரி ஐந்து நிமிஷம் ஐடிலில் விடுவது, சுகர் மாத்திரையைப் போடாமல் விட்டுவிட்டு டீயில் மட்டும் சர்க்கரை வேண்டாம் என்பது மாதிரி.

சரி, டைமர் இருந்தால் எப்படி வைப்பது?

பெட்டிக்குப் பெட்டி பட்டன் மாறும். ஆனால் பெரும்பாலானவற்றில் இரண்டு வழிதான். ஒன்று, நாமே நேரம் குறிப்பது: ஒன்று, மூன்று, ஐந்து, பத்து நிமிஷம் என்று. இன்னொன்று 'ஆட்டோ': எஞ்சின் கடைசியாக எப்படி ஓடியது என்று பார்த்துப் பெட்டியே கணக்குப் போடும்.

ஆட்டோ என்றதும் புத்திசாலி என்று நினைத்துவிட வேண்டாம். மலிவான பெட்டிகள் எஞ்சின் சுற்றை மட்டுமே பார்க்கின்றன. டர்போவின் சூடு அதற்குத் தெரியாது. இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு ஊர்ந்து வந்தாலும் அது 'கடுமையான ஓட்டம்' என்று எண்ணி நேரத்தைக் கூட்டும். அதனால் ஆட்டோவில் வைப்பவர்கள் உச்ச வரம்பை ஒரு நிமிஷத்துக்குக் கட்டிவிடுங்கள். வரம்பு வைக்க வசதி இல்லாத பெட்டி என்றால் ஆட்டோவே வேண்டாம். என் யோசனை, அன்றாடத்துக்கு 'ஆஃப்'. நெடுந்தூரம் போகும் நாளில் மட்டும் ஒரு நிமிஷம்.

நேரத்தைவிட முக்கியமாகப் பார்க்கவேண்டியது ஒரு ஒயர். டைமரிலிருந்து ஹேண்ட் பிரேக்குக்கு ஒரு ஒயர் போக வேண்டும். ஹேண்ட் பிரேக் இறங்கிய நொடியில் எஞ்சின் அணைய வேண்டும், அதற்காகத்தான் அது. அவசரமாகப் பொருத்துகிறவர்கள் அந்த ஒயரை நேரடியாக எர்த்தில் கொடுத்து ஏமாற்றிவிடுவதுண்டு. அப்படிச் செய்தால், ஆள் இல்லாமல் ஓடும் வண்டிக்குக் காவல் என்று எதுவும் இல்லை. சோதிப்பது சுலபம்: சாவியை எடுத்துவிட்டு, எஞ்சின் ஓடும்போதே பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். எஞ்சின் நிற்கவில்லையா, நேரே எலெக்ட்ரீஷியனிடம் போங்கள்.

கியர் இன்னொரு தொல்லை. சரிவில் நிறுத்தினால் கியரில் போட்டுவிட்டு இறங்குவது நல்ல பழக்கம். டைமர் ஓடும்போது நியூட்ரலில்தான் நிறுத்த முடியும். அது அணைந்த பிறகு திரும்ப வந்து கியர் போடுகிறவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

பட்டன் ஸ்டார்ட் வண்டி, புது வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். இக்னிஷன் ஒயரில் கை வைத்தால் வாரன்டி பேச்சு கிளம்பும். தேவையும் இல்லை. இன்றைய டர்போக்கள் பெரும்பாலும் தண்ணீர்க் குளிர்ச்சி கொண்டவை. எஞ்சின் நின்ற பிறகும் சூடான தண்ணீர் தானாக மேலேறிச் சுற்றி சூட்டை எடுத்துவிடும். சில பெட்ரோல் டர்போ கார்களில் அதற்கென்றே கரன்ட்டில் ஓடும் சின்ன பம்ப் இருக்கிறது. அணைத்த பிறகும் முன்பக்கத்தில் 'ஙொய்' என்று சத்தம் வந்தால் பயப்படாதீர்கள், அது பம்போ ஃபேனோதான்.

ஆள் இல்லாமல் ஓடும் எஞ்சினுக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

இது பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-வது பிரிவு நிறுத்தி வைத்த வண்டிகளைப் பற்றியது. பொது இடத்தில் வண்டியை நிறுத்தினால், டிரைவர் சீட்டில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சினை நிறுத்தி, பிரேக் போட்டு, வண்டி தானாக நகராதபடி செய்துவிட்டுப் போக வேண்டும். டர்போ டைமர் செய்வது இதற்கு நேர் எதிர். தெருவில் நிறுத்தினால், அது ஓடும் ஒவ்வொரு நிமிஷமும் நாம் அந்தப் பிரிவுக்கு எதிராகத்தான் நிற்கிறோம்.

சொந்த காம்பவுண்டுக்குள் என்றால் சட்டச் சிக்கல் குறையும். ஆனால் மூடிய ஷெட்டுக்குள், வீட்டோடு ஒட்டிய போர்டிகோவில் ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சட்டம் பார்க்காது. டைமரைக் கண்டுபிடித்த ஜப்பானிலேயே டோக்கியோ உட்படப் பல இடங்களில் நிறுத்திய வண்டியின் எஞ்சினை ஓடவிடக்கூடாது என்று விதி இருக்கிறது.

காசுக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். கார் எஞ்சின் ஐடிலில் மணிக்குச் சுமார் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே குடிக்கும், 0.6 என்று வையுங்கள். நாளைக்கு நாலு தடவை நிறுத்தம், தடவைக்கு 3 நிமிஷம் என்றால் 12 நிமிஷம். வருஷத்தில் 300 நாளைக்கு 36 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் 3,300 ரூபாய்க்கு மேல். நல்ல சிந்தெடிக் ஆயிலும் ஃபில்டரும் போட்டு ஒரு சர்வீஸ் செய்ய இதில் பெரும்பங்கு வந்துவிடும்.

காரை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது

என் காரின் மூன்று நிமிஷத்தைப் பற்றி இவ்வளவு பேசும்போது, முல்லை நகர் சந்திப்பில் நிற்கும் டிரெய்லர் டிரைவர் யாராவது படித்தால் சிரிப்பார். மணலி, பொன்னேரி பக்கத்து கன்டெய்னர் யார்டுகளிலிருந்து எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை வழியாகத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குப் போகும் வண்டிகள், கேட்டில் தேக்கம் வந்தால் மணிக்கணக்கில் ரோட்டில் நிற்கும். எர்ணாவூரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான் அந்த கேட். வரிசை நின்ற நாட்களில் எத்தனை எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன என்று எங்கள் ஜன்னல் கம்பியில் படிந்த கறுப்பைக் கேட்டால் சொல்லும்.

அங்கேயும் இதே வார்த்தைதான்: "ஆஃப் பண்ணா டர்போ போயிடும் சார்." பாதி உண்மை. லோடோடு இழுத்து வந்த லாரியை உடனே அணைக்கக்கூடாது. கம்மின்ஸ் எஞ்சின் கையேடு முழு லோடு ஓட்டத்துக்குப் பின் 3 முதல் 5 நிமிஷம் ஐடில் விடச் சொல்கிறது. அதே கையேடு, 10 நிமிஷத்துக்கு மேல் ஐடிலில் விடாதே என்றும் சொல்கிறது. உள்ளே சூடு குறைந்து டீசல் முழுசாக எரியாமல், இன்ஜெக்டரிலும் பிஸ்டன் ரிங்கிலும் கரி கட்டும். ஆக, எஞ்சினைக் காப்பாற்றுவதாக நினைத்து அரைமணி நேரம் ஓடவிட்டால் எஞ்சினைத்தான் கெடுக்கிறோம்.

ஊர்க்காரனாக எனக்கு இதைவிடக் கவலை தருவது ஒன்று. 2020 ஏப்ரலிலிருந்து வரும் பிஎஸ்-6 லாரிகள் புகையைச் சுத்தம் செய்யும் கருவியோடு வருகின்றன. யூரியா திரவம் ஊற்றுகிறார்களே, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க, அது வேலை செய்யப் புகையில் போதுமான சூடு வேண்டும். சுமார் 200 டிகிரிக்குக் கீழே அது கிட்டத்தட்டத் தூங்கிவிடும். நீண்ட ஐடிலில் புகை அந்த அளவுக்கு ஆறிவிடுகிறது. அதாவது, லட்சக்கணக்கில் செலவழித்துக் கொண்டுவந்த புதுத் தொழில்நுட்பம், வண்டி வரிசையில் நிற்கும் நேரத்தில், சரியாக நம்ம வீட்டு வாசலில்தான் வேலை செய்யாமல் போகிறது. 2009-லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மிகக் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகள் பட்டியலில் மணலி இருந்தது. 2023 டிசம்பரில் எண்ணெய்க் கசிவும் அம்மோனியா கசிவும் ஒரே மாசத்தில் பார்த்த பகுதி இது. இதற்கு மேல் கூட்ட எங்களிடம் இடமில்லை.

டிரைவரைக் குற்றவாளி ஆக்க எனக்கு மனசில்லை. ஒருவர் சொன்னார்: "மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை பத்தடி நகரணும். நகரலன்னா பின்னாடி இருக்கவன் ஹாரன் அடிப்பான், முன்னாடி இன்னொருத்தன் பூந்துருவான். ஒவ்வொரு வாட்டியும் செல்ஃப் அடிச்சா பேட்டரி தாங்குமா? ஏர் இறங்கிட்டா பிரேக் புடிச்சிக்கும்." அவர் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. வெயிலில் தகரக் கேபினுக்குள் உட்கார்ந்திருப்பவர் அவர். 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம். நல்ல விதிதான். ஆனால் நிற்கும்போதும் ஏசி ஓட எஞ்சின் ஓட வேண்டும், வரிசை அப்படியே இருந்தால் புகை கூடத்தான் செய்யும்.

கார்க்காரர் தன் டைமரைத் தானே திருத்திக்கொள்ளலாம். வரிசையின் டைமர் துறைமுகத்தின் கையிலும் போக்குவரத்து போலீஸ் கையிலும் இருக்கிறது. நேரம் குறித்த டோக்கன், டோக்கன் நேரம் வரும்வரை எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்க ரோட்டுக்கு வெளியே நிழலும் கழிப்பறையும் உள்ள யார்டு, இந்த இரண்டும் ஒழுங்காக இருந்தால் டிரைவரே சாவியைத் திருப்பிவிடுவார். டீசல் காசு அவர் டிரிப் கணக்கிலிருந்தும்தான் போகிறது. கனரக எஞ்சின் ஐடிலில் மணிக்கு இரண்டு, மூன்று லிட்டர் குடிக்கும்.

என் வண்டியில் டைமர் இப்போது 'ஆஃப்'. போன தடவை நெல்லூர் போய்த் திரும்பும்போது தடா தாண்டி நூறில் வந்து, நல்லூர் டோல்கேட்டுக்குப் பக்கத்தில் டீக்கடையில் நிறுத்தினேன். ஒரு நிமிஷம் உள்ளேயே உட்கார்ந்து, போனில் வந்திருந்த மெசேஜ்களைப் பார்த்துவிட்டு, அணைத்து இறங்கினேன். ராத்திரி எர்ணாவூரில் வீட்டு வாசலில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பினேன், எஞ்சின் நின்றது. ஆயா ஜன்னலைச் சாத்தவில்லை.